சோளம் பூத்த கூடம்

நாள் 61, காலை 7.10
செவ்வாய், பயிர்க்கூடம். எழுதுபவள் செண்பகவல்லி, இங்கிருக்கும் ஒரே ஆள். மக்காச்சோளம் பூத்துவிட்டது. மின்விசிறிகளை ஓடவிட்டேன், காற்றடித்தால்தான் மகரந்தம் கதிர்நூலில் விழும். தளத்தின் விதைக்கிடங்கு கெட்டுப்போனதால் எல்லோருக்கும் மிஞ்சியிருக்கும் விதை இதுதான். இரண்டு தும்மல்.

நாள் 63, மாலை 6.40
கண் அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. ஒவ்வாமை மாத்திரையைப் பூக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும். இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் மகரந்தம் சீக்கிரம் தரையில் படிவதில்லை.

நாள் 65, காலை 5.50
இளைப்பு. காரணம் பிடிபட்டது. துவைத்த தலையணை உறையைக் கூடத்து வெயில் விளக்கில் காயவைத்திருக்கிறேன். துணி வெயிலில்தான் காய வேண்டும் என்ற புத்தி கோள் தாண்டியும் போகவில்லை. மகரந்தத்தில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறேன், முட்டாள். இனி வாசலிலேயே உடை மாற்றுவேன், தலை குளிப்பேன், உப்புநீரில் மூக்கு கழுவுவேன்.

நாள் 67, பகல் 2.15
இரண்டு நாள் நன்றாக இருந்தேன். இன்று காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது, மாற்று இல்லை. விண்வெளி உடையும் பழுது. கூடத்துக்கும் என் அறைக்கும் ஒரே காற்று. தளத்திலிருந்து இம்மானுவேல்:
"அக்கா, இந்தப் புயல்ல வண்டி வராது. உங்க மூச்சு ரொம்ப மோசமா இருக்கு. ஆறு மணிக்கு இங்கருந்தே கூடத்துக் காத்தை வெளிய விடுறோம். நீங்க அறைக் கதவை இறுக்கி அடைச்சுட்டு உள்ளயே இருங்க."
காற்று போனால் பயிர் உறைந்துவிடும். அவனுக்கு என்மேல் பாசம். எனக்கு அவன்மேல் கோபம்.

நாள் 67, மாலை 5.52
கூடத்துக்குள் வந்து தாழிட்டேன். உள்ளே ஆள் இருந்தால் காற்றை வெளியேற்றும் வால்வு திறக்காது. அனுப்பிய பதில்:
"தம்பி, நான் செடிக்கு நடுவுல உக்காந்திருக்கேன். இப்ப தொறந்து பாரு."

நாள் 69, நேரம் பார்க்கவில்லை
இன்ஹேலர் காலி. பாதிக் கதிர்நூல்கள் பழுப்பாகிவிட்டன. அவற்றில் மணி பிடித்தாயிற்று. வடக்கு வரிசை இன்னும் பச்சை. விசிறியை நிறுத்த மாட்டேன்.
"அக்கா, வெளிய வாங்க. கெஞ்சிக் கேக்குறேன்."
பதில் சொல்ல மூச்சில்லை. எழுதுகிறேன்: முடியாது.

நாள் 70
வடக்கும் பழுப்பாகிவிட்டது. எல்லாவற்றிலும் மணி பிடித்துவிட்டது. ஜெயித்துவிட்டேன்.
வால்வின் கருவி தரையில் ஆளின் எடையைத்தான் பார்க்கும். மூச்சைப் பார்க்காது. அதனால் பயமில்லை, அது திறக்காது.
கதவை உடைத்து வருபவர்களுக்கு. முகக்கவசம் போட்டு வாருங்கள். மணி முற்றாமல் பறிக்காதீர்கள். நான் காத்திருப்பேன். என்னைத் தூக்கும் அவசரத்தில் செடியை மிதித்துவிடாதீ