அலாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

மல்லசமுத்திரம்,
பங்குனி 14

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. சத்தீஸ்கர் வெயிலில் நீ தலைக்குத் துண்டு கட்டி, வேளைக்கு இரண்டு வாய் தின்று, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வரியை மூன்று தாளில் எழுதிக் கிழித்தாயிற்று. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. நம் தெரு பிரபா பண்டிகை முடிந்து நாளைக்கு நீங்கள் போர் போடுகிற ரிக் வண்டிக்குத் திரும்புகிறான், அவனிடம் ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எதிரில் பிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, வீட்டில் நிற்கிற பைக் வண்டிக்குப் போட்ட அலாரம் எப்படியம்மா இருக்கிறது, ரிக்கில் இரண்டு பேர் தங்கள் வீட்டு வண்டிக்கும் போடலாமா என்று கேட்கிறார்கள் என்றாய். நல்லா இருக்குது சாமி, தாராளமாப் போடச் சொல்லு என்றேன். அது பொய். அதற்கு முன்னால் ஒரு பெரிய பொய்யும் சொல்லியிருக்கிறேன், எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். கார்த்திகையில் ஒரு தடவையும் தையில் ஒரு தடவையும் உன் வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பிறகு கிடைத்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா. திருடன் எவனும் வரவில்லை. எடுத்தது உன் அப்பா.

அவருக்கு ஒரு வருசமாகவே ஞாபகம் தப்புகிறது. முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மறுபடியும் காட்டப் போவார், நான் கூடச் சிரித்திருக்கிறேன். கார்த்திகையில் காலையில் வண்டியோடு போனவரை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். உச்சி வெயிலில் நின்றுகொண்டு, பையன் காலேஜ் விட்டு வருவான், கூட்டிப் போக வந்தேன் என்கிறார். நீ காலேஜ் முடித்து எட்டு வருசம் ஆகிறது. தையில் ஜேடர்பாளையம் அணைக்குப் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றார், நீ கூட்டாளிகளோடு குளிக்கப் போயிருக்கிறாயாம். சேலத்தில் டாக்டரிடம் காட்டினேன். இனி குறையாது, வேகமாக ஏறாமல் வேண்டுமானால் பார்க்கலாம் என்று மாத்திரை எழுதினார். உனக்கு வேலை மும்முரமான நேரம், தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று திருட்டு என்று சொல்லி வைத்தேன். நீயும் உடனே மெக்கானிக் குழந்தைவேலுக்குப் போன் போட்டு அலாரம் வைக்கச் சொல்லிவிட்டாய்.

அவன் வைக்கும்போதே சொன்னான். இது கத்துமுங்கம்மா, அவ்வளவுதான், ஒருத்தரும் வந்து பாக்கமாட்டாங்க, திருடுறவன் ஒயரைப் புடுங்கிப்போட்டுப் போயிருவான், இதுக்குப் பதிலா முன் சக்கரத்துக்கு நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாமுங்க என்றான். அவன் சொன்னது சரிதான். பூனை உரசினால் கத்தும், முருங்கைக்காய் விழுந்தால் கத்தும், கல் லாரி போனால் அதற்கும் கத்தும். முதல் இரண்டு நாள் எதிர் வீட்டுச் சுகன்யா ஓடி வந்தாள், மூன்றாம் நாள் ஏனுங்கக்கா, அதுக்கு வாயைக் கட்ட முடியாதுங்களா என்றாள். அதற்கு மேல் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு அது வேறொன்றுக்கு உதவும் என்று ஆசைப்பட்டேன். நான் மாட்டுக் கொட்டகையில் இருக்கும்போது அப்பா வண்டியைத் தொட்டால் தெரிந்துவிடும் அல்லவா. இரண்டு மூன்று தடவை அப்படித்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நான் பீரோவில் சாவியை வைத்துப் பூட்டினாலும் இன்னொரு சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். அவிழ்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார், பையன் கேப்பான், உடு என்கிறார்.

இனி எழுதப் போவதுதான் சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு படி. போன மாதம் பௌர்ணமிக்கு முந்தின நாள் பண்டிகைச் சாமான் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். பஸ்ஸில் போயிருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் அவர் முகம் தெளிந்து சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார், எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து நான் வழி சொன்னால் போதும், வண்டியைப் பழையபடி நேர்த்தியாகத்தான் ஓட்டுவார். கடைத் தெரு முனையில் நிறுத்தி, நீ சொல்லியிருக்கிறாயே என்று ரிமோட்டை அமுக்கி அலாரத்தைப் போட்டுவிட்டு, நிழலில் நில்லுங்க, மல்லி மிளகாய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது. எனக்குக் கேட்டது மோகன். அந்தத் தெருவில் ஆட்டோ ஒரு பக்கம், மூட்டை வண்டி ஒரு பக்கம், நிமிசத்துக்கு ஒரு வண்டி கத்துகிறது, இதுவும் யாருடையதோ என்று நினைத்து மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சுகன்யாவைச் சொல்லி என்ன, நானும் எட்டிப் பார்க்கவில்லை. அது நிற்காமல் கத்தவும்தான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதற்குள் அடித்துவிட்டார்கள். அந்த வாரம் அங்கே இரண்டு வண்டி திருட்டுப் போயிருக்கிறது. இவர் உட்கார்ந்து சாவியைப் போட்டதும் அது கத்தியிருக்கிறது, யாருடைய வண்டி என்று கேட்டிருக்கிறார்கள். இது என்னோட வண்டி இல்லீங்க, எம்பையன் வண்டிங்க என்று சொல்லியிருக்கிறார். ஆர்.சி. உன் பெயரில்தானே இருக்கிறது, அவர் உண்மையைத்தான் சொன்னார், அவர்களுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. பையன் எங்கே என்றால் காலேஜ் என்கிறார், வண்டி நம்பர் கேட்டால் தெரியவில்லை. நான் போகும்போது கீழே உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ரத்தம், வேட்டி அவிழ்ந்து கிடக்கிறது. வண்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ரிமோட்டை அமுக்கினேன், சத்தம் நின்றது, அப்போதுதான் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தெரியாமப் போச்சுங்கம்மா என்றார். அவர்களை நான் திட்டவும் இல்லை. அலாரம் சத்தத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று குழந்தைவேல் சொன்னான், அன்றைக்கென்று ஒரு தெருவே வந்துவிட்டது.

நெற்றியில் நான்கு தையல், அது ஆறிவிட்டது, கை வீக்கமும் வடிந்துவிட்டது, அதற்காக நீ பதறாதே. குழந்தைவேல் போய் வண்டியைக் கொண்டுவந்து அலாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான். ஆனால் வாசலில் யார் ஹாரன் அடித்தாலும் அப்பா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, நான் எடுக்கலீங்க என்கிறார். வண்டி நிற்கிற பக்கம் போகாமல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகிறார். ஒரு நாள் சோறு தின்னும்போது, அந்த வண்டித் திருடன் ஆப்பிட்டானா சௌந்திரம் என்று கேட்டார். என்ன சொல்வது, ஆப்பிட்டானுங்க என்றேன். அடிச்சாங்களா என்றார். ஆமாங்க என்றேன். பாவம், அவனுக்கும் ஒரு புள்ள இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அன்றைக்கு நான் அழுத அழுகை உன்னைப் பெற்றபோதுகூட அழவில்லை.

எனக்குத் தெம்பு போய்விட்டது மோகன். குளிக்கப் போனாலும் கதவைச் சாத்தப் பயமாக இருக்கிறது. உனக்குப் பாரம் ஏற்றக்கூடாது என்று மறைத்தேன், மறைத்ததற்கு அடி வாங்கினது அவர். நீ பணம் போட வேண்டாம், ஆள் வைக்க வேண்டாம், கேமரா கீமரா என்று எதையும் வாங்கி அனுப்பவும் வேண்டாம். அந்தச் சாவி இன்னும் அவர் அரைஞாண் கயிற்றில்தான் இருக்கிறது, வண்டியைத் தொடுவதில்லை, சாவியை மட்டும் விடுவதில்லை. நேற்றுக் குளிப்பாட்டும்போது இது யாருக்குங்க என்று கேட்டேன். பையனுக்கு என்றார். பையன் பேர் என்னங்க என்றேன். முதுகில் தண்ணீர் காய்கிற வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தார், சொல்லவில்லை. பையன் என்பதும் மறக்கிறதற்குள் நீ வந்துவிடு.

கரட்டுப் பெருமாள் உனக்குத் துணையிருந்து நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே வா, ஆட்டோவில் வந்து வாசலில் ஹாரன் அடிக்க விடாதே. வந்ததும் எதையும் விசாரிக்காதே, அழுதுவிடாதே. காலேஜுக்குப் போகும்போது வாசற்படியில் நின்று கையை நீட்டி, அப்பா சாவி என்பாயே, அப்படிக் கேள். உனக்கென்றால் அவிழ்த்துக் கொடுப்பார்.

வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா சௌந்திரம்