பலகை இடுக்கில் பூப்போட்ட துணி

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கேப்டன் மூழ்கினார். தொடை வரைக்கும்.

கேப்டன் என்பது என் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர். மனுஷன் படகு ஓட்டியதே இல்லை. முப்பது வருஷம் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் ஏரிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைத் தளம் அவர் கையால் கட்டியது. பதினாலு வருஷமாக அங்கே நின்றுதான் காலை டீ. இன்றைக்கும் டம்ளரோடு போனார். நடுவில் ஒரு பலகை மளுக்கென்று உடைந்து வலது கால் உள்ளே போய்விட்டது. ஒரு கால் ஏரிக்கு, ஒரு கால் வீட்டுக்கு. கையிலிருந்த டம்ளர் மட்டும் ஆடாமல் நிற்கிறது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கீழே போய்க்கொண்டிருந்த வாத்து நின்று அண்ணாந்து பார்த்தது.

நான் முதலில் சிரித்தேன். பிறகுதான் தூக்கினேன். என் நோட்டில் நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

மார்ச் 4

மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. இதை எழுதத்தான் நர்ஸ் நோட்டு வாங்கச் சொன்னாள். மீதிப் பக்கத்தை என்ன செய்வதாம்?

மார்ச் 6, வெள்ளி

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எல்லாருக்கும் நானே கதை சொல்கிறேன், டம்ளரை எடுத்து நடித்தும் காட்டுகிறேன். "இவர் கட்டின தளம் இவரையே முழுங்கப் பார்த்துச்சு. வாய்க்குப் பிடிக்காம பாதியில துப்பிடுச்சு" என்று முடிப்பேன். சிரிக்கும்போது விரலால் முன்பல்லைப் பிடித்துக்கொள்வேன். கட்டுப்பல், நம்ப முடியாது.

முதல் மூன்று தடவை அவரும் சிரித்தார். நான்காவது தடவை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் வலி என்று நினைத்தேன்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். இவருக்கு அக்கா. வந்தால் வீட்டில் உள்ள நாற்காலிகள் எல்லாம் எழுந்து நிற்கும். "தண்ணிக்குப் பக்கத்துல இந்த வயசுல என்னத்துக்குடா குடித்தனம்? என் மாடியில ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு. இத வித்துட்டு வா" என்றாள். வாங்க ஆளும் கையோடு வைத்திருக்கிறாள். யார் என்றால் என் பல் டாக்டர். ஏரி பார்க்க வீடு வேண்டுமாம். ஊரார் வாயையே பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும், பாவம்.

இவர் சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தேன். "யோசிக்கிறேன்க்கா" என்றார்.

யோசிக்கிறாராமே?

மார்ச் 8, ஞாயிறு

யோசித்து முடித்துவிட்டார். விற்கப் போகிறார்.

"உடைஞ்சதோட குடுக்க மாட்டேன். ஆள் வெச்சு சரி பண்ணித்தான் குடுப்பேன்" என்றார். "ஆள் எதுக்கு, கால் சரியானதும் நீங்களே பண்ண மாட்டீங்களா, வாத்து காத்துக்கிட்டிருக்கு" என்றேன். எப்போதும்போலத்தான் சொன்னேன். அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நடு ஏரியில எஞ்சின் நிக்கக்கூடாதுன்னு அத்தனை பேரும் இந்தக் கைய நம்பி ஏறினாங்க. நான் ஒழுங்காத்தான் பண்ணியிருப்பேன்னு இத்தனை நாள் இருந்தேன். ஒரு பலகையக் கூட ஒழுங்கா வைக்கத் தெரியல. இனிமே நான் எதையும் தொடல."

டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

இந்த வீட்டை விட்டு நாத்தனார் மாடியில் போய் நான் என்ன செய்வேன்? அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

மார்ச் 9

தச்சர் வந்தார். ஸ்க்ரூ டிரைவரால் பலகையைக் குத்தினார். வெண்ணெயில் போவதுபோல் போனது. "ம்" என்றார். என்ன கேட்டாலும் ம்தான். டீ வேணுமா அண்ணே? ம். மழை வருமா? ம். அவர் வீட்டில் ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாளோ.

மார்ச் 10, செவ்வாய்

அவர் தூங்கியதும் இருட்டில் எழுதுகிறேன். எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்த தச்சர் குனிந்து இரண்டு பலகைக்கு நடுவிலிருந்து எதையோ உருவினார். கயிறுபோல முறுக்கின துணி. அடுத்த இடுக்கிலும் துணி. அதற்கடுத்ததிலும். தண்ணீர் குடித்துக் கறுத்து, நாற்றம் தாங்கவில்லை. ஒன்றை அவர் பிழிந்து விரித்தபோது மஞ்சளில் நீலப் பூ தெரிந்தது.

பின்வாசலுக்கு நகர்த்தியிருந்த என் தையல் மெஷினைப் பார்த்தார். பக்கத்தில் வெட்டுத்துணிக் கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "கட்டினவர் நல்ல வேலைக்காரர்க்கா. ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல விரல் அளவு இடம் விட்டிருக்காரு, மழைத் தண்ணி கீழ போயிடணும்னு. யாரோ அதுல துணிய அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. தண்ணி போக வழியில்ல. துணி குடிச்சு வெச்ச தண்ணியில பலகையும் அடிச்சட்டமும் மக்கிப்போச்சு."

"யாரா இருக்கும்?" என்றேன்.

"ம்" என்றார்.

அவர் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டேன். வேறென்ன செய்ய?

அது நடந்தது ஐந்து வருஷம் முன்னால். இவர் வேறு ஊர்த் துறைமுகத்துக்கு ஆறு மாத வேலைக்குப் போயிருந்தார். நான் வெளிச்சத்துக்காகத் தளத்தில் மெஷினைப் போட்டுத் தைப்பேன், இன்றைக்கும் அப்படித்தான். பட்டன் உருண்டால் ஏரிக்கு, நூல் பாபின் உருண்டால் ஏரிக்கு. பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் போனில் இவர், அங்கே சமையல்காரன் தன்னை வெங்காயம் உரிக்க வைத்த கதையைச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த முன்பல் கழன்று இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். வெட்டுத்துணியை முறுக்கி முறுக்கி எல்லா இடுக்கிலும் திணித்தேன், மேலே இரண்டு கோட் பெயிண்ட். இவர் வந்து பார்த்து, "என்ன இப்படிப் பளபளங்குது?" என்றார். "நீங்க வர்றீங்கன்னுதான்" என்றேன். அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிறகு மழை பெய்தால் தளத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. "மரம் ஊதிப்போய் இடுக்கு மூடிக்கிச்சு, நான் இடம் கம்மியா விட்டுட்டேன் போல" என்றார். விருந்தாளிகள் இருந்தார்கள். "உங்களுக்கு எதுலதான் இடம் விடத் தெரியும், கட்டில்ல எனக்கே இடம் விடுறதில்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர் சிரித்தாரா?

மார்ச் 11

துணி முழுவதையும் ஒரு பையில் போட்டு மெஷினுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாறுகிறது. எலி செத்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை ஆரம்பித்தது என்னவோ சரியாகத்தான், முடிந்தது வாத்துக் கதையில். இரண்டாவது தடவை அவர் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார். மூன்றாவது தடவை என் வாய் தானாகவே வேறு ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டது. இந்த வாய் ஒரு தெருநாய். கூப்பிட்ட பக்கம் வருவதில்லை.

தச்சர் இன்று ஜன்னல் வழியாக இவரிடம் கேட்டார், "இடைவெளி எவ்வளவு விடட்டும் சார்?"

"நீங்களே பாத்து விடுங்க. நான் சொன்னா தப்பாயிடும்."

தச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கிற அளவுக்கு நான் அங்கே இருந்ததும் இல்லை.

மார்ச் 14

நாத்தனார் போன். நாளைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர் பத்திரத்தோடு வருகிறாராம். கையெழுத்து.

நாளைக்கு.

மார்ச் 15, ஞாயிறு

நடந்தபடியே எழுதுகிறேன்.

டாக்டர் சோபாவில். நாத்தனார் பெரிய நாற்காலியில். இவர் காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் அட்டை, அட்டைமேல் பத்திரம், கையில் பேனா. நான் மெஷினுக்கு அடியிலிருந்து பையை எடுத்து வந்து பத்திரத்தின் மேலேயே கொட்டினேன்.

"என்னங்க, தளத்தக் கெடுத்தது நீங்க இல்ல. நான்."

நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா, இன்னிக்குமா உன் விளையாட்டு? அவன் இருக்கிற இருப்புல?"

"விளையாட்டு இல்ல அண்ணி. நெஜம்."

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "போதும். ஒரு நாளாவது கேலிய விடு" என்றார், ரொம்ப மெதுவாக.

நம்பவில்லை. இருபத்தாறு வருஷம் வாயைத் திறந்தால் கேலி, இன்றைக்கு நெஜத்தைச் சொன்னால் யார் வாங்குவார்கள்? நான் அழுதேனா என்று கேட்டால் ஆமாம். அழுதால்கூட நடிக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். வாய்க்குள் கையை விட்டுப் பல்லைக் கழற்றிப் பத்திரத்தின் மேல் வைத்தேன்.

"டாக்டர், இது எந்த வருசம் கட்டினது, எதுக்குக் கட்டினது, சொல்லுங்க." பல் இல்லாமல் பேசினால் பாதி காற்று.

டாக்டர் குனிந்து பார்த்தார். தன் வேலையைத் தானே ரசிக்கிற பார்வை. "அஞ்சு வருஷம் இருக்கும். பழசு பலகை இடுக்குல விழுந்து ஏரிக்குள்ள போயிடுச்சுன்னு வந்தீங்க. இப்ப ஏரியில ஒரு மீன் என்னைவிட அழகாச் சிரிக்கும்னு சொன்னீங்க. இனிமே ஒண்ணும் விழாது, துணிய அடைச்சுட்டேன்னும் சொன்னீங்க."

"கொட்டை கடிச்சு உடைஞ்சதுன்னு எங்கிட்ட சொன்னே" என்றார் இவர்.

நாத்தனார் மூக்கிலிருந்து கையை எடுத்து ஒரு துணியைத் தொட்டாள். மஞ்சளில் நீலப் பூ. "இது என் நைட்டியாச்சே. நீளம் குறைக்கக் குடுத்தேன். முட்டிக்கு மேல வெட்டிட்டியேன்னு அன்னிக்கே கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

இவர் ஒரு துணியை எடுத்தார். ஐந்து வருஷம் இடுக்கில் நசுங்கி அச்சில் வார்த்தமாதிரி ஆகியிருந்தது. அதைத் தன் ஆள்காட்டி விரல்மேல் வைத்துப் பார்த்தார். விரல் அகலம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இன்னொன்றை எடுத்து வைத்தார். அதுவும். ஏழெட்டு எடுத்து வைத்துப் பார்த்திருப்பார்.

"சரியாத்தான் விட்டிருக்கேன்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. விரலிடம் சொன்னார்.

பிறகு என்னிடம்: "அஞ்சு வருஷம். ஊரக் கூட்டிச் சிரிச்சியே."

பேனாவை மூடி டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் போகும்போது, பல்லை நன்றாகக் கழுவிவிட்டுப் போடச் சொன்னார்.

மார்ச் 16

பேசவில்லை.

மார்ச் 17

பேசவில்லை. மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டார். கையைத் தொடாமல் எப்படி வாங்குகிறார் என்று தெரியவில்லை.

மார்ச் 18

பேசவில்லை. நானும் இல்லை. வீடு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது. குழாய், கடிகாரம், தச்சரின் ம்.

மார்ச் 19, வியாழன்

காலையில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானாகவே பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தச்சர் புதுச்சட்டத்தின்மேல் முதல் பலகையை வைத்தார். "இன்னும் ஒரு மயிரிழை தள்ளுங்க. என் விரல் போகணும்" என்று கையை நீட்டினார் இவர். தச்சர் தள்ளினார். விரல் போனது.

நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது, அது வேறு.

மார்ச் 22, ஞாயிறு

பேசினார். என்னிடம் இல்லை, பார்க்க வந்தவர்களிடம். பல் போன கதை, துணி அடைத்த கதை, நைட்டிக் கதை. இவருக்குக் கதை சொல்ல வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். "என் பொண்டாட்டி பல்லு போச்சுன்னு ஏரி வாயையே துணியால அடைச்சுட்டா" என்று முடிக்கிறார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தடவை.

நான்காவது ஆள் வந்தபோது, துணி காயப்போட வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டேன். துணி ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன்.

ஓ. இப்படித்தான் இருக்குமா அது.

கீழே வந்தபோது அவர் கதையை நிறுத்தியிருந்தார். "டீ இருக்கா?" என்றார். என்னிடம்தான்.

ஏப்ரல் 2

நாத்தனார் போனில் டாக்டர் விஷயம் கேட்டாள். "எனக்கு இங்க வேலை கிடக்குக்கா. கைப்பிடிக் கம்பி போடணும், படி போடணும்" என்றார். நான் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதற்கே எனக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

ஏப்ரல் 16, வியாழன்

நேற்று மாவுக்கட்டு பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் உரித்த கோழிபோல் இருந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இன்று காலை டம்ளரோடு தளத்தில் நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு பலகையாக மிதித்து. ஓரம் வரை போய் நின்று குடித்தார். நான் பழைய இடத்திலேயே மெஷினைப் போட்டு ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். கை தவறி ஒரு பட்டன் உருண்டது. இடுக்குக்கு நேராகப் போய், நின்று, யோசித்து, விழுந்தது. நான் மூச்சுகூட விடவில்லை.

அவர் திரும்பாமலே சொன்னார். "கீழ பாரு."

குப்புறப் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் மெஷினுக்கு நேர் கீழே, நாலு மூலையும் ஆணியில் மாட்டி ஒரு பழைய மீன்வலை. முடிச்செல்லாம் அவர் போட்டது. தொட்டில் மாதிரித் தொங்குகிறது, நடுவில் என் பட்டன்.

"எப்ப கட்டினீங்க?"

"தச்சர்கிட்ட மாட்டச் சொன்னேன். அவரு ம்னாரு."

நான் சிரித்தேன், பல்லைப் பிடித்துக்கொள்ளாமல்.