சிவப்பு ரிப்பன் மரங்கள்

செமோர்
3 மார்ச் 2025

அன்புள்ள ஜோ,

எப்படி இருக்க? போன் கல்லுல விழுந்து செத்துப் போச்சு லா, அதான் பழப் பெட்டிக்குள்ளயே கடுதாசி. காலிப் பெட்டி லோரியில திரும்பி வரும்ல, அதுல பதில் போடு.

பம்ளிமாஸ் இருவது இருக்கு. சிவப்பு ரிப்பன் கட்டின மரம் பத்து, நீலம் பத்து, மரத்துக்கு ஒரு பழம். நீலத்துக்கு வழக்கம்போல தண்ணி, சிவப்புக்கு ரெண்டு மாசமா கிடையாது. மழை இறங்காம வேர் மேல பிளாஸ்டிக் விரிச்சிருக்கு. எல்லாம் நீ சொன்னபடி. மரம் எப்படி இருக்குன்னு கேக்காத. நிக்குது.

நாள் பூரா மரத்தையே பாத்துகிட்டு நிக்க எனக்கு ஆவல. காலேஜ விட்டு ஓடினவன உன் ஆராய்ச்சிக்கு நம்பின பாரு, உன்னச் சொல்லணும்.

தீபன்


ஈப்போ
8 மார்ச்

அன்புள்ள தீபன்,

மூன்று முறை சோதித்தேன். இனிப்பு, புளிப்பு, கசப்புச் சத்து, எதிலும் சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே இல்லை. உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று எல்லாரும் தேடுவது அந்தக் கசப்பைத்தான். தண்ணீர் இல்லாமலும் எதுவும் மாறவில்லை என்றால் மரம் வறட்சியைத் தாங்குகிறது என்று அர்த்தம்.

இருபதாம் தேதி செமோர் கூட்டத்தில் என்னையே பேசச் சொல்லிவிட்டார் பேராசிரியர். பழைய ரப்பர் நிலத்தில் பம்ளிமாஸ் நடப்போகும் நாற்பது குடும்பமும் வரும். என் அப்பா முந்நூறு குழி வெட்டிவிட்டார். தண்ணீர்க் குழாய் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நீ ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் ஜோ


செமோர்
12 மார்ச்

ஜோ,

அப்பாவ குழாய் போடச் சொல்லு. இன்னிக்கே.

சிவப்புக்கு நான் தண்ணி ஊத்தினேன். மூனாவது வாரமே இலை சுருண்டு போச்சு. மத்தியானம் எங்கள வேலை வாங்குற மண்டோர் சாப்பிடப் போற நேரம் பிளாஸ்டிக்க தூக்கிட்டு மரத்துக்கு மூனு வாளி. வாரத்துக்கு ரெண்டு தடவ.

பாவம் பாத்து ஊத்தல. பயந்து ஊத்தினேன். காலேஜ் நர்சரில நாப்பது கன்னு செத்தப்ப யார் பேர சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம்தான வெளிய வந்தேன். இதுவும் செத்தா என்னத்தான் கை காட்டுவாங்க. பழத்த பாத்து நீயே கண்டுபிடிச்சு திட்டுவன்னு நெனச்சேன். சந்தோஷப்படுவன்னு நெனக்கல.

இப்ப திட்டு. ஆனா கூட்டத்துல அத பேசாத.

தீபன்


ஈப்போ
16 மார்ச்

தீபன்,

அப்பாவிடம் குழாய் போடச் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தை நிறுத்த முடியாது. இரண்டு வருட உழைப்பு. பேராசிரியர் முடிவுகளை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அடுத்த பருவத்தில் நானே மறுபடி செய்து திருத்திக்கொள்கிறேன். அதுவரை நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. எனக்காக.

ஜோசலின்


செமோர்
21 மார்ச்

ஜோ,

நேத்து கூட்டத்துல எந்திரிச்சு பேசினேன்னு கோவமா இருப்ப. இரு. சிவப்பு மரத்துக்கு தண்ணி ஊத்தினது நான்தான், குழாய் இல்லாம நடாதீங்கன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு ஏக்கர் எடுத்திருக்காரே உடையப்பன் அண்ணே, அவர், "படிப்ப பாதியில விட்டவன் நீ, அந்தப் பொண்ணுக்கே பாடம் எடுக்கிறியா? உக்காரு லா"ன்னார். அப்புறம் உன்னப் பாத்து, "இவன் சொல்றது நெசமாம்மா?"ன்னு கேட்டார்.

நீ பேப்பர புரட்டிகிட்டே இருந்த.

உங்கப்பா குழிக்கு குழாய் போயிருச்சு. உடையப்பன் அண்ணே குழிக்கு? திங்கக்கெழம கன்னு நடறார்.

தீபன்


ஈப்போ
24 மார்ச்

தீபன்,

இன்று காலை உடையப்பன் அங்கிளின் நிலத்துக்குப் போனேன். லோரியிலிருந்து கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நீ சொன்னது நிஜம்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. இறக்கியதை எல்லாம் மறுபடி ஏற்றச் சொன்னார், அவ்வளவுதான். மற்ற குடும்பங்களுக்கு மாலைக்குள் நானே போய்ச் சொல்லிவிடுவேன். என் ஆராய்ச்சி இனி முதலிலிருந்து.

நீ எழுந்து சொன்னது சரி. தண்ணீர் ஊற்றிவிட்டு எனக்குப் பழம் அனுப்பியது சரியில்லை. இரண்டையும் பேராசிரியரிடம் சொன்னேன். தோட்டத்தில் நீ இனி வேண்டாம் என்றார்.

நான் தடுக்கவில்லை.

ஜோசலின்