ஆறாம் ரீலும் ஏழாம் ரீலும்

வாண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம், நம்பாவிட்டால் உன் அம்மாவுக்குத் தூக்கம் வராது. உன் தம்பி ஒருவழியாக லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான், முதல் நாளே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான், யார் பெற்ற பிள்ளை என்று சந்தேகமே வேண்டாம். குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரி செய்தேன், முன்பு ஒரு இடத்தில் ஒழுகியது, இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் என் தைரியம் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் திரைப்படக் காப்பகத்தில் நீங்கள் சுத்தம் செய்துகொண்டிருக்கும் பழைய படம் நான் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்த தியேட்டரின் முத்திரை போட்ட டப்பாக்களில் கிடைத்தது, மிச்சமிருப்பதே அந்த ஒரு பிரதிதான், அடுத்த மாதம் பெரிய திரையில் காட்டப்போகிறீர்கள், அதற்குப் போடும் புத்தகத்தில் உன் பேர் போட்டு உன் முதல் கட்டுரை வருகிறது, பக்கத்தில் நீங்களும் இரண்டு வரி எழுதித் தரணும்பா என்று கேட்டிருந்தாய். கட்டுரையையும் படித்தேன். கதாநாயகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொள்வதற்கு முன்பே கையில் கட்டோடு வருகிறானே, வரப்போகும் வலியை முன்னாலேயே காட்டிவிட்ட இயக்குநரின் துணிச்சல் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். ரயில் ஊதல் பாதியில் அறுந்து போவதற்குத் தனியாக அரைப் பக்கம். படிக்கப் படிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அது துணிச்சல் இல்லையம்மா, உன் அப்பன் பார்த்த வேலை.

பேசாத படக் காலத்தில் பல இடங்களில் ஒரே மெஷின்தானாம், ரீல் மாற்றும்வரை ஜனங்கள் காத்துக்கொண்டிருப்பார்களாம். எங்கள் காலத்தில் இரண்டு மெஷின். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்ததும் மற்றதை ஓடவிட வேண்டும், பார்க்கிறவனுக்கு மாறியதே தெரியக்கூடாது. அன்றைக்கு மதியக் காட்சி, இடைவேளை முடிந்திருந்தது. டிக்கெட் கிழிப்பவர் மேலே வந்திருந்தார். ஆறு வருஷத்துல ஒரு ரீல் மாறினதில்லை, தெரியுமில்ல என்று அவரிடம் பெருமை அடித்துக்கொண்டே ஐந்தாம் ரீலுக்கு அடுத்து ஏழாம் ரீலை மாட்டிவிட்டேன். கட்டுப் போட்ட கையோடு அவன் திரையில் வந்ததும் டிக்கெட் கிழிப்பவர்தான், என்னய்யா இவன் எப்ப விழுந்தான் என்று கேட்டார். ஓடுகிற ரீலை நடுவில் நிறுத்தவும் முடியாது. தியேட்டர் முதலாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவரோ, யோவ், இடைவேளைக்கு அப்புறம் பாதிப் பேர் எழுந்து போயிடுவான், இன்னைக்கு ஒருத்தனும் அசையல, கையில எப்படி அடிபட்டுதுன்னு தெரிஞ்சுக்க உட்கார்ந்திருக்கான், இனிமே இப்படியே ஓட்டு என்றார். இப்படியே ஓட்டுவது என்றால் சும்மாவா, ரீலின் தலையில் எண் எழுதிய ஃபிலிம் துண்டு இருக்கும், ஆறின் துண்டை ஏழிலும் ஏழின் துண்டை ஆறிலும் வெட்டி ஒட்டினேன். ஒரு வாரத்தில் தூக்கிவிட வேண்டிய படம் நான்கு வாரம் ஓடியது. பிறகு விநியோகம் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள், டப்பாக்களைத் திரும்பக் கேட்க ஆளே வரவில்லை.

மூன்றாவது வாரம் அந்த இயக்குநரே வந்தார். வேறெங்கும் ஓடாத படம் இங்கே ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, தானே டிக்கெட் எடுத்துப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது எனக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கை திரையில் வந்தபோது ஒருவர் எழுந்து வெளியே போவதை மெஷின் அறையின் துவாரம் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். வராந்தாவில் முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டு, சார் படம் ஓடுதே, வேற என்ன வேணும் உங்களுக்கு என்று கேட்டாராம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். மேலே ஏறி வந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் எழுந்து போன அந்த முதுகை மறக்க முடியவில்லை.

நீ கேட்ட இரண்டு வரியை முதலில், ஜனங்கள் மெய்மறந்து பார்த்தார்கள் என்று எழுதி வைத்தேன். உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டு, ஏங்க, புள்ள பேர் போட்டு வர்ற புத்தகத்துல பொய்யா எழுதப்போறீங்க என்று கேட்டாள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். என் வாய்ச்சொல்லை நம்பவேண்டாம், நீயே பார்த்துக்கொள். ஆறு, ஏழு இரண்டின் தலையிலும் ஒட்டு கோணலாக இருக்கும், மற்ற ரீல்களில் இருக்காது. ஐந்தின் கடைசியில் அறுந்த ரயில் ஊதல், இப்போது ஏழு என்று எழுதியிருக்கும் ரீலின் முதலில் தொடரும். அதை முன்னால் கொண்டுவந்து வை. உன் மூன்று பக்கமும் வீணாகும், உன் மேலதிகாரி முகம் சுளிப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். சரியான வரிசையில் படம் கொஞ்சம் மந்தமாகத்தான் போகும். போகட்டும், அது இயக்குநர் எடுத்த மந்தம். புத்தகத்துக்கு என் இரண்டு வரி இது: இந்தப் படத்தின் ரீல்களை மாற்றி ஓட்டியவன் நான். இயக்குநர் எடுத்தது வேறு, அதை இப்போதுதான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். அச்சுக்குப் போகும் முன்பே மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே, நான் அப்படி விட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. அந்த இயக்குநரின் வீட்டார் யாராவது எங்கேயாவது இருந்தால் தேடிப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வை.

இப்படிக்கு,
உன் அப்பா