கேட்டால்தான் அனுப்பலாமாம்

ஆரணி
20-7-1979

அன்பு மகள் கற்பகத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. ரேணுகாம்பாள் அம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பா, நான், உன் அண்ணன் ராஜவேலு, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சுகம்தான் என்று உன் எழுத்தில் பார்த்தால்தான் நான் சுகம் என்று எழுதுவது நிஜமாகும். பங்குனியில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் காணோம். தபால்காரர் தெருவில் திரும்பினாலே அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருகிறேன், அவரும் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அப்பாவுக்கு முட்டி வலி, தறிக்குழியில் இறங்கினால் ஏற ஒரு கை வேண்டியிருக்கிறது. உன் அண்ணி காசியம்மாள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். பேரன் பேச ஆரம்பித்திருப்பானே, என்னை ஆயா என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தாயா, இல்லை அந்த ஊர் பாஷையில்தான் கூப்பிடுவானா. போட்டோவில் இருக்கிற முகம் போன வருஷத்து முகம். என் எழுத்து கோணலாக இருக்கும், மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திய உன் தாத்தாவைத் திட்டிக்கொண்டே படி.

இந்த ஆடிக்கு உனக்குப் புடவை வந்து சேராது. ஏன் என்று எழுதுகிறேன், உன் மாமியாருக்கு எழுத்து தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படித்துக் காட்டச் சொன்னால் இந்த இடத்தில் மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று நீயே எதையாவது சொல்லிக்கொள். உன் தலைதீபாவளிக்கு மறு வருஷம் நான் பார்சலில் அனுப்பிய அரக்குப் புடவையை நீ ஒரு நாளும் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். சேத்துப்பட்டுக் கல்யாணத்தில் உன் நாத்தனார் அதைக் கட்டிக்கொண்டு என் எதிர் இலையில் உட்கார்ந்தாள். அந்தக் கரைக்கு ஜரிகை சுற்றியவள் நான், எனக்குத் தெரியாதா. பொடவை நல்லாகீதே, எங்கேம்மா எடுத்தே என்று கேட்டேன். எங்கம்மா பிலாயிலேர்ந்து அனுப்சாங்க அத்தை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். நீயோ புடவை வந்தது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் சிரிப்பை நான் கட்டையில் போகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் வி.பி.பி.யில் அனுப்ப ஆரம்பித்தேன். அதில் வாங்குகிறவர் தபால்காரரிடம் பணம் கட்டித்தான் பொட்டலத்தை வாங்க வேண்டும், அந்தப் பணம் மணியார்டராக எனக்குத் திரும்பி வரும். காசு கட்டணும் என்றால் உன் மாமியார் கை நீளாது, நீதான் கட்டி வாங்குவாய் என்று இரண்டே இரண்டு ரூபாய் போட்டு அனுப்பினேன். தாய் வீட்டுச் சீருக்குக் காசா என்று உனக்கு மனசு சுருங்கியிருக்கும். ஆனால் அந்த இரண்டு ரூபாய் உன் ஊர் முத்திரையோடு வருகிற அன்றைக்கு, நீ கதவைத் திறந்தாய், கையெழுத்துப் போட்டாய், காலூன்றி நிற்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும்தான் எனக்கு ராத்திரி தூக்கம்.

இந்த வருஷம் அதிலும் மண் விழுந்தது, போட்டவன் நம் பங்காளி மணவாளன். அவன் அப்பன் என் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த விளக்கைத் தாலி ஏறும் முன்பே பிடுங்கிக்கொண்டு போனவன், மகன் மட்டும் எப்படி இருப்பான். எங்கெங்கோ விலாசம் பிடித்து, கேட்காதவர்களுக்கெல்லாம் ஆரணி சுத்தப் பட்டு என்று வி.பி.பி. போட்டிருக்கிறான். புருஷன் சொல்லி வந்திருக்கும் என்று நம்பிப் பெண்கள் பணத்தைக் கட்டிப் பிரித்தால் உள்ளே சாயம் போகிற போலிப் பட்டு, ஆர்ட் சில்க். புகார் மேல் புகார் வந்து, இப்போது ஆரணிப் பட்டு என்றாலே தபாலாபீசில் பொட்டலத்தைத் தள்ளி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். புது போஸ்ட்மாஸ்டர் ஜெகநாதன், யாரும்மா கேட்டு அனுப்பறீங்க என்றார். என் பொண்ணுக்கு என்றேன். எவ்ளோ போட்டுகீறீங்க என்றார். ரெண்டு ரூபா என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், ரெண்டு ரூபாய்க்கு பட்டா, எனக்கும் ஒண்ணு குடு ஆயா என்றான் ஒருத்தன். போஸ்ட்மாஸ்டர் சிரிக்கவில்லை. சீருக்கு எவங்கம்மா காசு வாங்குவாங்க, என்னா விஷயம் என்றார். உன் மாமியார் கையைப் பற்றி அத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சொல்வேன், உன் வீட்டு மானம் அல்லவா. காரணம் சொல்லாததால் மணவாளனோடு என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒருத்தன் பண்ணதுக்கு ஊர்ல கீற தறிக்காரங்க எல்லாரும் திருடங்களா என்று கேட்டேன். எவன் திருடன்னு பொட்டலத்து மேல எழுதிகினா வருது, பேஜார் பண்ணாதீங்கம்மா என்றார். மேலும் அவரே, வாங்கறவங்க உள்ள என்னா கீதுன்னு பாக்காமயே பணத்தை குடுக்கறாங்க, உங்களை நம்பியா குடுக்கறாங்க, தபாலாபீசை நம்பி குடுக்கறாங்க, கந்தல் இருந்தா எங்க போஸ்ட்மேன் சட்டையைத்தான் புடிக்கிறாங்க, அதனாலதான் கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்பணும்னு சட்டம், சும்மா குடுக்கறதை சாதா பார்சல்ல போடுங்க என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைச் சபித்தேன். ஆனால் பாழும் மனசு யோசிக்கிறதே. கல்யாணத் தரகன் பாடும் இதுதானே, எந்த வீட்டார் பொய் சொன்னாலும் நடுவில் நின்றவனுக்குத்தான் ஏச்சு. உன் மாமியார் தங்கமானவள் என்ற தரகன் வேலு எதிரில் வந்தால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதானே போகிறேன்.

மறுநாள் கூட்டம் இல்லாத நேரமாகப் போனேன். அவரே கூப்பிட்டு, பொண்ணு பொடவை அனுப்பச் சொல்லி எழுதின கடிதாசி இருந்தா எடுத்துகினு வாங்க, ஜல்தியா பதிஞ்சி அனுப்பிடறேன் என்றார். நல்ல மனுஷன்தான். ஓடி வந்து பெட்டியைத் திறந்து உன் கடிதங்களை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன் கற்பகம். அப்பா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாரா என்று கேட்டிருக்கிறாய், அண்ணிக்கு உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறாய், தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்டிருக்கிறாய். எனக்கு இது வேண்டும் என்று ஒரு வரி கிடையாது, ஊறுகாய்கூடக் கேட்கவில்லை. தேர் அன்றைக்கு வளையல் வாங்கித் தராவிட்டால் நடுத்தெருவில் உட்கார்ந்து, அப்பா தூக்கினாலும் உதைப்பாயே, அந்தப் பெண் எங்கே போனாள். எதையாவது கேட்டால் அங்கே உன் பாடு என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றா வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். மூடினாலும் எனக்குத் தெரிகிறதே.

புடவையை மஞ்சள் தடவிக் கட்டியபடியே பெட்டியில் வைத்திருக்கிறேன், பிரிக்க மனசு வரவில்லை. ஆடி போனால் போகட்டும். நீ எழுது, உன் கையால் எழுது. புடவையும் கேள், வேறு என்ன வேண்டுமோ அதையும் கேள், வந்து அழைத்துக்கொண்டு போ என்று கேட்க வேண்டுமானால் அதையும் கேள், உன் அண்ணன் ரயில் ஏறி வருவான், நான் துரத்தி அனுப்புவேன். பேரனுக்குச் சளி பிடித்தால் ஓமம் வறுத்துத் துணியில் கட்டி மோந்து பார்க்க வை. மாப்பிள்ளை ஜெயவேலுக்கு என் ஆசி. நீ மஞ்சள் குங்குமத்தோடு, வாய் நிறையப் பேச்சோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, உன் குணம் எனக்குத் தெரியும், முடிந்தால் அனுப்பு என்று எழுதிவிடாதே. அனுப்பு என்று எழுது.

உன் அம்மா
து. தனக்கோடி