திமிங்கிலத்துக்கு வந்த சம்பந்தம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, மெத்தைக் கடை, பஞ்சு அடிக்கும் மெஷின், அதனால் வருகிற இருமல் எல்லாம் நலம். நீயும் உன் படகும் உன் பொறுப்பில் இருக்கும் திமிங்கிலங்கள் அத்தனையும் அதேபோல் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசலாம் என்றால் நீ இருக்கும் இடத்தில் காற்று அடித்து இரண்டு வாக்கியத்துக்கு மேல் காதில் விழுவதில்லை. விழுகிற இரண்டிலும் அப்படி இல்லை சித்தப்பா, இப்படி சித்தப்பா என்று என்னைத் திருத்த வந்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

நீ என் பிறந்தநாளுக்கு அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று முன்பே சொன்னேன், விவரமாகச் சொல்லவில்லை. பிரித்தால் என் பெயர் போட்டு ஒரு தத்துச் சான்றிதழ், வாலைத் தூக்கிக்கொண்டு முங்குகிற திமிங்கிலத்தின் போட்டோ, உள்ளங்கை அளவில் ஒரு துணிப் பொம்மை. பொம்மையை அமுக்கிப் பார்த்ததுமே எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே என்ன குப்பையை அடைத்திருக்கிறார்கள்? தையலைப் பிரித்து நம் கடை முதல்தரப் பஞ்சை வைத்து அடைத்து மறுபடி தைத்துவிட்டேன், இப்போது பார்க்கவே நாலு வேளை சாப்பிட்ட திமிங்கிலம் மாதிரி இருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தத்து என்பது பெயருக்குத்தான் சித்தப்பா, பணம் ஆராய்ச்சிக்குப் போகும், திமிங்கிலம் கடலிலேயே இருக்கும் என்று ஒரு சீட்டு வைத்திருந்தாய். அது எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்தால் அந்த அளவுக்கு மெத்தை நான் தைத்துவிடுவேன், போட இடம் வேண்டுமே. ஆனால் பெயருக்குத்தான் என்றாலும் யார் பெயர்? என் பெயர். ஒன்பதாம் வகுப்பு வாத்தியார்களுக்கு என் கேள்விகளைத் தாங்கும் சக்தி இல்லாததால் எட்டோடு வெளியே வந்தவன் நான், என் பெயர் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது இதுதான் முதல் தடவை. உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோதுகூட யாரும் இப்படி முத்திரை குத்தி ஒரு காகிதம் எங்களுக்குக் கொடுக்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை, வளர்த்துவிட்டோம்.

சான்றிதழில் அதற்கு ஒரு நம்பர்தான் போட்டிருந்தது. பெற்ற பிள்ளையை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று நானே மகராசி என்று பெயர் வைத்துவிட்டேன். தலையணை உறை கேட்டு வருகிறவர்கள் சட்டத்தை அண்ணாந்து பார்த்து இது என்ன என்பார்கள், அவ்வளவுதான், உறையை மறந்துவிடுவார்கள். ஒரு பஸ் நீளம் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். நான் ரயில் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கும் ஒரு திருப்தி வேண்டும் அல்லவா? வாலின் ஓரத்தில் இருக்கும் கிழிசலை வைத்துத்தான் அவளை அடையாளம் காண்கிறோம், அது எப்படி வந்தது என்று தெரியாது என்றாய். எனக்குத் தெரியும். ஒரு கப்பல் வந்து மோதியது, இவளுக்குக் கிழிசலோடு போயிற்று, கப்பல் முழுகிவிட்டது. இப்படிச் சொன்னதிலிருந்து வங்கி மேனேஜர்கூட என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறார்.

இதைப் பக்கத்துக் கடை சலூன்காரரால் தாங்க முடியவில்லை. என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணைப் பிடித்து, கம்ப்யூட்டரில் உங்கள் ஆபீசுக்கே பணம் கட்டி, அவரும் ஒன்றைத் தத்தெடுத்துவிட்டார். ஆண் திமிங்கிலம். பாடுகிற வகை என்று குறிப்பில் போட்டிருந்ததாம். அதற்கு மைனர் என்று பெயர் வைத்து, போட்டோவை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மாட்டி, முடி வெட்டிக்கொள்ள வருகிறவன் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வாலே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திமிங்கிலங்கள் வரும் பருவம் முடிந்து உங்கள் ஆபீசிலிருந்து ஒரு அறிக்கை வந்ததல்லவா, அதில் மகராசியையும் மைனரையும் ஒரே நாளில் ஒரே வளைகுடாவில் பார்த்ததாகப் போட்டிருந்தீர்கள். எழுதியது நீதான் என்றால், பாப்பா, கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம். சலூன்காரர் கையில் கத்தரியோடு, உள்ளே ஒரு ஆளைப் பாதி முகம் நுரையோடு உட்கார வைத்துவிட்டு, நேரே என் கடைக்கு வந்து என்ன சம்பந்தி, சேதி பாத்தீங்களா என்றார். யாருக்கு யாருய்யா சம்பந்தி என்றேன். என் பையன் உங்க பொண்ணு பின்னாடியே போயிருக்கான், ரிப்போர்ட்லயே போட்டிருக்கு என்றார். பின்னாடி வர்றவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியுமா, பேரே மைனரு, தொழில் என்னன்னு கேட்டா பாட்டு, பாட்டுப் பாடி குடும்பம் நடத்துவானா என்று நானும் கேட்டுவிட்டேன். உங்க பொண்ணு மட்டும் என்னவாம், வாலு கிழிஞ்சவதானே, ஏதோ நாங்க பெரிய மனசு பண்ணி வர்றோம் என்றார். அதற்குள் நுரைக்காரர் துண்டோடு வாசலுக்கு வந்து, யோவ், முதல்ல என் மிச்ச மூஞ்சிய முடிச்சுவிட்டுட்டு அப்புறமா கல்யாணம் பேசுய்யா என்று கத்தினார். அன்றிலிருந்து தெருவே இரண்டாகிவிட்டது, இந்தப் பக்கம் பெண் வீட்டார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்.

இந்தச் சூட்டில்தான் உன் கடிதம் வந்தது. தத்தெடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், படகுக்கு டீசல் போட வழியில்லை, அடுத்த பருவத்துக்குள் போதுமான ஆள் சேராவிட்டால் படகைக் கட்டிப்போட்டுவிடுவார்கள், நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். சமையலறையில் நின்று உரக்கப் படித்தேன். உன் சித்தி அடுப்பைத் தணித்தாள். மறுநாள் உன் அறையில் கட்டிலின் மேல் அடுக்கியிருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கினாள், ஜன்னல் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள், கட்டில் அளவுக்குப் புதிதாக ஒரு மெத்தை தைத்துக் கொடுக்கச் சொன்னாள். வீட்டைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்து நானும் தைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். சலூனில் எல்லாரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து, படகு போகாவிட்டால் மைனர் ஒழுங்காக இருக்கிறானா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வார்கள் என்று ஒரு கேள்வி போட்டேன். சலூன்காரர் முகம் வாடிவிட்டது. பிறகு பார்க்க வேண்டுமே. மருந்துக் கடைக்காரர் பெண் வீட்டுச் சார்பில் ஒரு திமிங்கிலத்தை மகராசிக்கு அத்தையாகத் தத்தெடுத்தார். உடனே டயர் கடைக்காரர் மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணனை எடுத்தார். எந்தப் பக்கம் சொந்தபந்தம் அதிகம் என்று போட்டியாகி, ஒருவரோடு ஒருவர் பேச்சே இல்லாமல் இருந்த ஆட்கள் எல்லாம் ஜெராக்ஸ் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் களைத்துப் போய், அங்கிள், கடல்ல ஒரு மீனையும் விட்டு வைக்க மாட்டீங்க போல என்றாள். மீன் இல்லம்மா, அது நம்மள மாதிரி மூச்சு விடற ஜீவன், குட்டிக்குப் பால் குடுக்கும் என்று அந்த நெருக்கடியிலும் நான் சொல்லிக் கொடுத்தேன்.

வெற்றியோடு வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். கேட்டு முடித்துவிட்டு, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா, அந்தப் படகு நின்னா புள்ள வீட்டுக்கு வருது, நான் அறையக் கூட்டி மெத்தை போட்டு வச்சிருக்கேன், நீங்க என்னடான்னா ஊரு பூரா ஆள் புடிச்சுப் படக ஓட்டி விட்டுட்டு வந்து நிக்கறீங்க என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் அதிகம் இல்லை, ஆனால் இது எனக்குத் தோன்றவே இல்லை பாப்பா. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு சலூனுக்குத் திரும்பி, போதும், இதோட நிறுத்திக்குவோம், கடலை ரொம்பத் தொந்தரவு பண்ணக் கூடாது என்றேன். பாத்தீங்களாய்யா, பொண்ணு வீடு பின்வாங்குது என்று சலூன்காரர் கை தட்டினார். அத்தனை பேர் முன்னிலையில் நான் என்ன செய்ய முடியும்? அங்கேயே நம் பக்கத்துக்கு ஒரு பெரியம்மாவை எடுத்துவிட்டுத்தான் வந்தேன். வரும் வழியில், படகில் காமிராவோடு நிற்கிற உன் படம் நினைவுக்கு வந்தது, தலைமுடி முகமெல்லாம் பறக்க வாய் நிறையச் சிரிக்கிறாயே, அது. இந்த வீட்டுக்குள் அப்படி நீ சிரித்துப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. இதை உன் சித்தியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், எனக்குத் தெரியாததா என்பாள்.

பிறகு நீ போன் செய்து, படகு போகுது சித்தப்பா என்று கத்தினாய். உன் சித்திதான் முதலில் வாங்கிப் பேசினாள், சரி சரி, நல்லா சாப்பிடு என்றாள், போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மெத்தையின் மேல் ஒரு பழைய போர்வையைத் தூசிக்காக மூடிவிட்டு வந்தாள். அப்புறம் என்னிடம் பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொண்டேன். அந்தப் போனில் நீ ஏதோ ஒரு பெரிய கம்பெனி மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டது, அதனால்தான் படகு போகிறது என்று சொன்னாய். உனக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் படகு ஓடுவது நம் தெருவால். அந்தக் கம்பெனிப் பேச்சை உன் சித்தியிடம் சொன்னால் என் மேல் இருக்கும் கோபம் அந்த நிமிஷமே போய்விடும் என்பது வாஸ்தவம். பெருமையும் கூடவே போய்விடும். அதனால் நான் சொல்லவில்லை, நீயும் தயவுசெய்து சொல்லாதே. கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன், எனக்கு அனுபவம் இருக்கிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் சித்தி கடைக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பிறகு ஜெராக்ஸ் கடைப் பெண்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தத் திமிங்கிலப் படத்தயெல்லாம் ஒவ்வொண்ணாக் காட்டும்மா என்றாளாம். பெரியது, பாடுவது, துள்ளிக் குதிப்பது என்று எதைக் காட்டினாலும் ம், அடுத்தது என்றாளாம். பெண் வீடா மாப்பிள்ளை வீடா ஆன்ட்டி என்று கேட்டதற்கு, அந்தக் கூத்து உங்க அங்கிளோட போகட்டும், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு, இதுல எது எவ்வளவு தூரம் போனாலும் தவறாமத் திரும்பி வர்றது என்றாளாம். அந்தப் பெண் குறிப்புகளை எல்லாம் படித்துப் பார்த்து, வயதான பெண் திமிங்கிலம் ஒன்று, தீனிக்காகக் குளிர்ந்த கடலுக்குப் போய்விடும், ஆனால் பருவம் தொடங்கியதும் எல்லாவற்றுக்கும் முன்னால் அதே வளைகுடாவுக்கு வந்து நிற்கும் என்று காட்டியிருக்கிறாள். உன் சித்தி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வாலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது போதும் என்று சொல்லிப் பையிலிருந்து தன் கைக்காசை எடுத்துக் கொடுத்தாளாம். அதற்கு அவள் பெயர்கூட வைக்கவில்லை, கேட்டால் அதுக்குத் தெரியும் அது யாருன்னு என்கிறாள்.

ஆக, படகில் போகும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே, மற்றவர்கள் கழற்றினாலும் நீ கழற்றாதே. தொப்பி போடு. படம் எடுக்கிற அவசரத்தில் விளிம்புக்குப் போகாதே, வால் ஓடிப்போகாது, மறுபடி தூக்கும். மைனரை எங்கேயாவது தனியாகப் பார்த்தால் உடனே எனக்கு எழுது, வேறு யாரோடாவது பார்த்தால் இன்னும் சீக்கிரம் எழுது. உங்கள் ஆபீசில் எல்லாருக்கும் என் விசாரிப்பு, படகு யாரால் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை அவர்கள் காதிலும் போட்டு வை. தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், எந்தக் கடலில் இருந்தாலும் கரை தெரிகிற தூரத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் எழுதச் சொல்லி உன் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தத்தெடுத்தவர்களுக்கு வருஷம் ஒரு புதுப் போட்டோ உண்டு என்று அந்த ஜெராக்ஸ் பெண் சொல்லியிருக்கிறாள். அந்தப் போட்டோவைத் தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டாளாம், தபால்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். பருவம் முடிந்ததும் எடுத்தவளே கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
நீ வருகிற தேதியைக் கேட்டு
சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் அன்புச் சித்தப்பா