முதலில் வடி, பிறகு பாய்ச்சு

என் சண்டைக்கார அண்ணே,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் நேராக ஊர்ச் செய்திக்கு வருகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்வேளூர்க் கடைத்தெருவில் நீ டீ குடிக்கும் கடை இப்போது செல்போன் கடை. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஆனால் அவரைத் திட்டினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. நான் அதே கம்ப்யூட்டர் சென்டரில்தான் இருக்கிறேன். அன்று படிக்கப் போனேன், இன்று நடத்துகிறேன். பட்டா நகலும் பாஸ்போர்ட் விண்ணப்பமுமாகப் பகல் போய்விடும். வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அப்பாவை விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது.

நீ இருந்தபோதும் உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்துவிடும் என்ற தைரியம். இப்போது எழுதுவதற்குக் காரணம், உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த விளையாட்டுப் பெட்டியில் நீ கடைசியாக வைத்துவிட்டுப் போனதை நான் அழித்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன் முழுதாகக் கேள். இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள், உனக்குத் தெரிந்த கதையையும் அவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கப் போன நீ, முதல் லீவில் கையகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டியோடு வந்தாய். யாரோ வைத்திருந்து விற்ற பழைய பெட்டி. அதில் சொருக, விளையாட்டு அடங்கிய ஒரே ஒரு கார்ட்டு. கப்பலில் கிடந்து சாகிறவன் சண்டை விளையாட்டோ கார் விளையாட்டோ வாங்குவான் என்று பார்த்தால், நீ விவசாய விளையாட்டை வாங்கியிருந்தாய். ஒரு பொம்மைப் பையன் நிலம் உழுது, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, கதிர் அறுப்பான். ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய அப்பா அதை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எங்கேருந்துடா வருது?"

"பூவாளியால ஊத்துவாங்கப்பா."

"வயலுக்குப் பூவாளியா! போடா போக்கத்தவனே."

ஆரம்பத்திலேயே நிலத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்கிறது அந்த விளையாட்டு. நீ இங்கிலீஷ் எழுத்தில் அப்பா பெயரை வைத்திருந்தாய். பட்டா யார் பேரில் என்று நான் கிண்டலாகக் கேட்டதற்கு, "அப்பா பேர்லதான், பாத்துக்க" என்றாய். நிஜத்தில் எந்தப் பட்டாவிலும் அந்தப் பெயர் இல்லை. தினமும் பட்டா நகல் எடுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

அடுத்த லீவு முடிந்து நீ கிளம்புவதற்கு முதல் நாள், நீயும் அப்பாவும் வாசலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தீர்கள். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என்ன சிரிப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் என்னோடு சென்டருக்கு வந்தாய். கார்ட்டுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கிறது, பத்துப் பதினைந்து வருடத்தில் அது செத்தால் நிலமும் போய்விடும் என்றாய். கார்ட்டைச் சொருகும் சின்னப் பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டரில் மாட்டி, நிலத்தை ஒரு காப்பி எடுத்தாய். அந்தப் பெட்டியோடு வந்த புரோகிராம் முழுக்கச் சீன எழுத்து. இரண்டே பொத்தான், இரண்டிலும் அம்புக்குறி. எனக்குப் புரியட்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாய்: "இடது வடி. வலது பாய்ச்சு."

போனாய். இரண்டு வருடம் கழித்துப் பெட்டிக்குள் வைத்து உன்னை அனுப்பினார்கள். ராத்திரி படுத்தவன் காலையில் எழவில்லை என்றார்கள். உன் சட்டைகளோடு அந்த விளையாட்டுப் பெட்டியும் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் போன் வரும் நேரத்துக்கு, அதைப் போட்டுப் பார்த்தேன். உன் பொம்மை கட்டிலிலிருந்து எழுந்து வெளியே வந்தது. வயல் முழுக்க முற்றிய கதிர். புதிதாக ஒரு மாட்டுக் கொட்டகை, அதில் ஒரு கறுப்புப் பசு. அந்த இரண்டு வருடம் நீ அங்கே தனியாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று போனில் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த வயல்தான்.

பொம்மை தூங்கப் போனால்தான் அந்த விளையாட்டில் சேவ் ஆகும். தூங்கினால் அடுத்த நாள் பிறக்கும், நீ விட்டது மாறிவிடும். அதனால் ஞாயிறுதோறும் நானும் அப்பாவும் போடுவோம், பார்ப்போம், தூங்கவிடாமல் அணைத்துவிடுவோம். பதினோரு வருடம்.

அப்பாவுக்குத்தான் பொறுக்காது. "கதிரு முத்திப் போச்சும்மா. அறுத்துடு."

"அதுல சாயாதுப்பா. எத்தன வருசமானாலும் அப்படியே நிக்கும்."

"முத்துன பயிர நிக்கவிடுறது பாவம்."

நான் அறுக்கவில்லை. உன் கை கடைசியாகப் பட்ட இடத்தில் என் கையை வைக்க மனசு வரவில்லை. காப்பியும் எடுக்கவில்லை, அதுதான் பெரிய தப்பு. காப்பி எடுத்தால் மூலம் அழியாது என்று சென்டரில் ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் நீ எழுதிவைத்த "வடி" என்ற சொல்லைப் பார்த்தாலே கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிடுவேன். நம் ஊரில் வடித்த வயலில் என்ன மிஞ்சும்? சேறுதானே. வேறு சொல் உனக்குக் கிடைக்கவில்லையா, அண்ணே?

போன மாதம் பெட்டியின் சுவிட்ச் ஆடுகிறதென்று நாகப்பட்டினத்தில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். கார்ட்டையும் பிரித்துப் பார்த்தவர், "உள்ள இருக்கற பேட்டரி போற நெலமைல இருக்குங்க. காப்பி எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றேன், அப்புறம் திருப்பி ஏத்திக்குங்க" என்றார்.

லீவு நாளில் சென்டரைத் திறந்தேன். அப்பாவும் கூட வந்தார். மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் கார்ட்டைச் சொருகும் உன் சின்னப் பெட்டி மாட்டும். புரோகிராமைத் திறந்ததும் நீ அன்று எடுத்த காப்பி தானாகவே வந்து நின்றது. உன் தாளைப் பார்த்தேன். வடி, பாய்ச்சு. இதில் எது வயல்? கார்ட்டா, கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டர்தான் வயல் என்றால் அதில் பாய்ச்சுவதுதானே காப்பி? குழம்பிப்போய் அப்பாவிடம் சத்தமாகக் கேட்டேன்.

"மொதல்ல வடிக்கிறதாப்பா, பாய்ச்சுறதா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது ஒரு கேள்வியா? பாய்ச்சாத வயல்ல எதம்மா வடிப்ப?"

நான் பாய்ச்சினேன்.

கார்ட்டுதான் வயலாம்; பழைய காப்பி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டியைப் போட்டுப் பார்த்தால் கதிர் இல்லை. கொட்டகை இல்லை. கறுப்புப் பசு இல்லை. விதை போட்ட மண் மட்டும் இருந்தது. உன் இரண்டு வருடத்தை ஒரு பொத்தானில் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, கதிரக் காணும்?"

நீங்கள்தான் பாய்ச்சச் சொன்னீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? "அண்ணன் அறுத்துட்டு மறுபடி வெதச்சிருக்குப்பா" என்றேன்.

"மாடு?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

"சரி" என்றார். இடது பொத்தானை அமுக்கி, இருந்ததைக் காப்பி எடுத்தேன். பேட்டரியை மாற்றி, நீ சொன்ன வரிசையில் திருப்பி ஏற்றினேன். அழுகையை மட்டும் அப்பா இல்லாத நேரத்தில் சென்டருக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவே பெட்டியை எடுத்து வந்தார். "வெதச்ச மண்ணு காயுதும்மா. தண்ணி ஊத்து." ஊற்றினேன். பூவாளியால்தான். காக்க இனி என்ன இருக்கிறது என்று உன் பொம்மையைக் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்தேன். பதினோரு வருடம் உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஒருநாள் பொழுது ஓட்டினோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "மாடு இன்னும் வரலியா?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், பேசுவதெல்லாம் இல்லாத மாட்டைப் பற்றி.

நேற்று கதிர் முற்றியது. எல்லா வரிசையும் நேராக நிற்க, ஒன்று மட்டும் இடையிடையே விட்டுப்போய்க் கோணலாக நின்றது. அப்பா அதில் விரலை வைத்தார்.

"இத மொதல்ல அறு. இது நான் போட்டது."

"எப்பப்பா?"

"அவன் போறதுக்கு மொத நாளு. வாசல்ல உக்காந்து. கோணலாப் போட்டுட்டியேப்பான்னு சிரிச்சான். ஒண்ணொண்ணா வைக்கிறது நடவு, அது பொம்பளைங்க வேலைடா, எனக்கு நாத்துப் பறிக்கத்தான் வரும்னேன். அப்ப ஏது மாடு? கொட்டகையே கெடயாது."

"சென்டர்ல அன்னிக்கே தெரியுமாப்பா?"

"போட்டவனுக்குத் தெரியாதா? பாய்ச்சச் சொன்னவன் நான்தானே. கேட்டா நீ அழுவ."

ஒரு மாதமாக அவருக்குத் தெரியாதென்று நானும், எனக்குத் தெரியக்கூடாதென்று அவரும். அந்தச் சிரிப்பு எதற்கென்று அன்று அடுப்படியிலிருந்து நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பா வரிசையை அப்பாவே அறுத்தார். பெருவிரல் பொத்தானில் நிற்காமல் வழுக்கியது, விடவில்லை. மற்றதை நான் அறுத்தேன். கடைசிக் கதிரும் போனதும் வெறும் வயலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேல முடிஞ்சுது. அவனப் படுக்கச் சொல்லும்மா."

படுக்கவைத்தேன், அண்ணே.

உன் இரண்டு வருடத்தை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அங்கே நீ எப்படி இருந்தாய் என்று இனி எனக்குத் தெரியவும் போவதில்லை. ஆனால் கொட்டகையை நீ கட்டிய அதே இடத்தில் கட்டுவேன். பசு வாங்கினால் கறுப்புப் பசுதான். ஞாயிறுதோறும், உன் போன் வரும் நேரத்துக்கு, முதலில் சென்டரில் ஒரு காப்பி வடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். முற்றிய பயிரை இனி ஒருநாளும் நிற்கவிட மாட்டேன்.

அப்பா பேரில் இருக்கிற நிலத்தை இப்போது சாகுபடி செய்கிற,
உன் தங்கச்சி செல்வி